கான்டெஸா நிற்க வேண்டிய கோடு

அம்சவல்லிக்கு எதைக் கண்டாலும் பயம். போன் அடித்தால் பயம், அடிக்காமல் கிடந்தால் அதைவிடப் பயம். அவள் புருசன் ஆதிமூலம் கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குள் நாலு சாமியைக் கூப்பிட்டு முடித்திருப்பாள். "பயப்படறதுக்குன்னு ஆள் எடுத்தா மொத வேலை உனக்குத்தாண்டி" என்று அவர் சிரிப்பார். அவருக்கென்ன, சிரிப்பார். கிளியனூரில் நெல்லும் மணிலாக் கடலையும் விளைகிற வீட்டிலிருந்து மரக்காணத்து உப்பளத்துக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். வந்த கொஞ்ச நாளிலேயே ஆதிமூலத்தின் அண்ணன் ஈசிஆர் ரோட்டில் பஸ்ஸில் அடிபட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்கு வந்தார். அவரைக் கிடத்திய இடத்தை மெழுகித் துடைத்தவள் அம்சவல்லிதான். அன்றைக்கு அவளைப் பிடித்த பயம் இன்னும் இறங்கவில்லை.

ஆதிமூலத்தின் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வருசத்தில் முதன்முதலாகப் பாத்தியில் வாருகிற உப்பில் ஒரு பிடி எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, வண்டி ஓட்டுகிறவன் காலடியில் வைப்பார்கள். மாட்டு வண்டிக் காலத்துப் பழக்கம். கண் திருஷ்டி அண்டாது, வழியில் ஆபத்து வராது என்பது நம்பிக்கை. வைத்ததை எடுக்கக் கூடாது, அதன் மேலேயே அடுத்த வருசத்தது சேர வேண்டும். எல்லாரும் ஒரு பிடி வைத்தால் அம்சவல்லி ஒரு படி வைத்தாள். புருசனின் அண்ணன் போனதைப் பார்த்த பிறகு ஒரு பிடியை நம்பிப் புருசனை ரோட்டுக்கு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. அவள் மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்தது ஆதிமூலத்தின் கான்டெஸா காரில், டிரைவர் சீட்டுக்கு முன்னால், ரப்பர் விரிப்புக்கு அடியில்.

அந்தக் கான்டெஸாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருசத்துக்கும் மேல் ஓடிய வண்டி. கறுப்புப் பெயிண்டில் முகம் பார்க்கலாம். ஆதிமூலம் தலைக்கு எண்ணெய் வைக்க மறந்தாலும் மறப்பார், அதைத் துடைக்க மறக்க மாட்டார். மேலே பார்த்துப் பார்த்துத் துடைத்தவர் கீழே குனிந்து பார்த்ததே இல்லை. போன வாரம் திண்டிவனத்தில் புது பிரேக் கட்டை போட்டபோது, மெக்கானிக் விரிப்பைத் தூக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். "அத மட்டும் தொடாத" என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து அதைப் பெருமையாக அம்சவல்லியிடம் சொல்லவும் செய்தார். அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவள் தம்பி திருமுருகன் சென்னையிலிருந்து தன் புதுக் காரில் வந்து இறங்கினான். ஏதோ கம்பெனியில் வேலை. அது போக, காரைப் பற்றி வீடியோ எடுத்துப் போடுவது அவனுக்குப் பைத்தியம். வந்த கார் சிவப்பாக, தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. ஜெர்மன்காரன் வண்டியாம். கதவைச் சத்தமாகச் சாத்தினாலே அவனுக்கு முகம் சுருங்கியது.

"மாமா, இந்த வண்டிய இன்னும் தலை முழுகலையா நீங்க?" என்று கான்டெஸாவைத் தட்டினான்.

"டேய், இது வண்டி. நீ எடுத்தாந்தது பெரிய சைஸ் செல்போனு. நாலு சக்கரம் மாட்டி உன் தலையில கட்டிட்டான்."

"நாலு செகண்டுல நூறு கிலோமீட்டர் ஸ்பீடு புடிக்கும் மாமா."

"நாலு செகண்டுல புடிச்சி? எங்க போற, டீக்கடைக்கா?"

அம்சவல்லியின் மகள் தமிழ்நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். புதுச்சேரியில் காலேஜ் படிக்கிறவள், தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறவள். மாமனும் மச்சானும் வாய்ச்சண்டை போடுவதை அவள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். கான்டெஸாவின் ஸ்டியரிங்கைத் திருப்ப ஒரு மூட்டை அரிசி தின்ன வேண்டும் என்றான் திருமுருகன். உன் வண்டியில் மூன்று பேர் ஏறினால் நாலாவது ஆள் பிறந்த குழந்தையாக இருக்க வேண்டும் என்றார் ஆதிமூலம். பழையதில் இன்ஜின் பேசுவது காதில் விழும், புதியதில் ஸ்பீக்கரிலிருந்து பொய்ச் சத்தம் வருகிறது என்றார். திருமுருகனுக்கு அது சுருக்கென்றது, உண்மையும் அதுதான்.

"சரிடா, ஓடறதுல நீயே ஜெயிச்சுக்கோ. எவன் வேணா ஓட்டுவான். நிக்கறதுல பாக்கலாமா? என் வண்டிக்கு இப்பத்தான் புது பிரேக்கு."

இப்படித்தான் வந்தது அந்தப் போட்டி. அம்சவல்லி வேண்டாம் என்றாள். அவள் எதற்குத்தான் வேண்டும் என்றிருக்கிறாள் என்று மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

உப்பளத்துக்குள் லாரி போவதற்காகப் போட்ட தார் ரோடு ஒன்று இருக்கிறது. கோடு போட்டதுபோல் நேர். இரண்டு பக்கமும் பாத்திகள் ஆள் இடுப்பளவு பள்ளத்தில் கிடக்கும். ஒரு லாரி போகலாம், எதிரில் இன்னொன்று வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். ரோடு முடிகிற இடத்தில் தடுப்பு எதுவும் இல்லை. கால்வாய்தான். பார்த்தால் சாதுவான தண்ணீர், உள்ளே கழுத்து வரைக்கும் சேறு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் லாரி கிடையாது, உப்பு வாருகிறவர்களும் வெயிலுக்கு முன்பே கரையேறிவிட்டார்கள். ரோட்டின் குறுக்கே திருமுருகன் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தான். அந்தக் கோட்டில் பிரேக் போட வேண்டும், யார் வண்டி கோட்டுக்குக் கிட்டத்திலேயே நிற்கிறதோ அது ஜெயித்தது. கோட்டிலிருந்து கால்வாய்க்கு அரை கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு வண்டி முடித்த பிறகு அடுத்தது.

"நாங்க போய் நின்னுட்டு, வண்டியத் தள்ளி நிறுத்திட்டு கைய ஆட்டறோம் மாமா. அப்ப நீங்க எடுங்க."

பயந்து பயந்து சாகாதே, ஒருமுறை உட்கார்ந்து பார் என்று அம்சவல்லியைத் தம்பி தன் வண்டியில் ஏற்றிக்கொண்டான். தமிழ்நிலா அப்பாவுக்குப் பக்கத்தில், கான்டெஸாவில், போனை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சிவப்பு வண்டி கிளம்பியதை அம்சவல்லி பார்க்கவில்லை. சீட்டு அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தது, வயிறு மட்டும் பின்னாலேயே தங்கிவிட்டது. பாத்திகள் வெள்ளைத் துணியை உருவியதுபோல் ஓடின. அவளைப் பயமுறுத்தியது வேகமல்ல, அந்த அமைதிதான். கான்டெஸா வேகம் பிடித்தால் அதுவே கதறும், கதவு கடகடவென்று ஆடும், ஆதிமூலம் தானாகக் காலைத் தளர்த்துவார். இது எதையும் சொல்லாமல் ஆளைக் கொண்டு போகிறது. கோடு வந்தது. திருமுருகன் பிரேக்கை மிதித்தான். பெல்ட் நெஞ்சில் பதிந்தது, வண்டி அப்படியே தரையைக் கவ்விக்கொண்டு நின்றது.

"மூச்ச உடு அக்கா. முடிஞ்சிருச்சு."

அவள் மூச்சு விட்டாள். திருமுருகன் பின்னால் பார்க்கிற கண்ணாடியில், தூரத்தில் பொட்டுப்போல் நின்ற கான்டெஸாவைப் பார்த்தான்.

"மாமா ரொம்ப அழுத்தாம இருந்தா சரி" என்றான் தனக்குத்தானே.

"ஏன்டா?"

"ஒண்ணுமில்ல. காலைல வீடியோவுக்காக செல்போன மாமா வண்டிக்கு அடில நீட்டி எடுத்தேன். டிரைவர் கால் வெக்கிற எடத்துல தகரமே இல்லக்கா, அப்பளம் மாதிரி கெடக்குது. நீ வெக்கிற உப்பு மழைக்காலத்துல கசிஞ்சி எறங்கியிருக்குது. பிரேக் பைப்பு அந்த வழியாத்தான் போவுது. அதுவும் துரு ஏறி உரிஞ்சி வருது."

அம்சவல்லிக்கு முதலில் அந்த வார்த்தைகள் காதுக்குள் போகவே இல்லை. போன பிறகு பழைய மாட்டு வண்டி ஞாபகத்துக்கு வந்தது. மாட்டு வண்டிக்குப் பலகைதான். உப்பு பலகையை ஒன்றும் செய்யாது. இத்தனை வருசம் உப்பளத்தில் இருந்தவளுக்கு, இரும்பு மண்வெட்டி ஒரு பருவம் தாங்காது என்று தெரியாதா? தெரியும். அவருக்கும் தெரியும். மஞ்சள் துணியில் முடிந்துவிட்டால் அது உப்பு என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது.

"அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னா கேப்பாரா? புது வண்டி வாங்குன திமிருல என் வண்டிய கொற சொல்றான்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. சாப்ட்டதும் மெதுவா சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இந்த வெளாட்டு வந்துடுச்சு. ஒரு தடவ மிதிச்சா ஒண்ணும் ஆவாதுக்கா."

"அதுல நிலா இருக்குறாடா!"

அவள் போனை எடுத்து மகளுக்கு அடித்தாள். இரண்டு மணி அடித்து நின்றுவிட்டது. மறுபடி அடித்தாள், மறுபடியும் கட். வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறவள் குறுக்கே வருகிற போனைத் தள்ளிவிடத்தான் செய்வாள். ஆதிமூலத்தின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அம்சவல்லி கதவைத் திறந்து இறங்கினாள். ரோட்டின் நடுவில் கான்டெஸாவைப் பார்த்து ஓடினாள். நிறுத்து, வராதே, என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வீசினாள்.

தூரத்தில் கான்டெஸாவின் விளக்கு இரண்டு தரம் மின்னி அணைந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையை ஆட்டினால் வண்டியை எடு என்பதுதான் பேச்சு. அவள் எடுக்கச் சொல்லிவிட்டாள்.

கறுப்புப் பொட்டு பெரிதாகத் தொடங்கியது.

"அக்கா! ஓரம் போ!" பின்னாலேயே இறங்கியிருந்த திருமுருகன் கத்தினான். அவன் வண்டிக்குள் பாய்ந்து ஏறுவது தெரிந்தது.

அம்சவல்லி போகவில்லை. ரோட்டின் நடுவில் நின்றாள். கையைக் கீழே போட்டாள், ஆட்டினால் இன்னும் வேகமாக வருவார். நான் நின்றால் நிறுத்துவார் என்று நினைத்தாள். எதைக்கொண்டு நிறுத்துவார் என்று அடுத்த நொடி மனசு கேட்டது. அவளைப் பார்த்து மிதிப்பார், கால் உள்ளே போகும், அவளை இடிக்காமல் இருக்க ஒடிப்பார். அந்த வேகத்தில் பாத்திக்குள் இறங்கினால் வண்டி நேராக விழாது, உருளும். உள்ளே பெல்ட்டே இல்லாத சீட்டில் அவள் பெண் உட்கார்ந்திருக்கிறாள். தன் வாழ்நாளில் எந்த ஆபத்தையும் ஒதுங்கி நின்று பார்த்துப் பழகியவளுக்கு, அன்றைக்கு ஒதுங்குவதைப்போல் கொடுமையான காரியம் வேறு இருக்கவில்லை. ஒதுங்கினாள். சரிவில் வழுக்கி, கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் போய் நின்றாள்.

கான்டெஸா அவளைத் தாண்டியது. கண்ணாடி வழியே நிலாவின் முகம் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் கோடு வந்தது. சக்கரம் கிறீச்சிடும் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு முனகல் எழுந்தது, அவ்வளவுதான். கோட்டைத் தாண்டியது. ஹாரன் அடிக்க ஆரம்பித்தது, விட்டு விட்டு இல்லை, ஒரே நீளமாக. கியரைக் கீழே இறக்கியதில் இன்ஜின் அலறியது. பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது, வண்டி மட்டும் நிற்கவில்லை.

முன்னால் நின்ற தம்பியின் கார் பாய்ந்து கிளம்பியது. கான்டெஸாவுக்கு முன்னால் கால்வாயைப் பார்த்து ஓடியது.

"பாவி, ஓடுறானே!" என்று அம்சவல்லி வாய்விட்டுக் கத்தினாள். காருக்குக் கீறல் விழும் என்று ஓடுகிறான். கூடப்பிறந்தவன், அவள் தூக்கி வளர்த்தவன். அந்த ஒரு கணத்தில் அவனை அவள் சபித்த சாபத்தை, அவள் யாரிடமும் பிறகு சொல்லவில்லை.

ஆனால் சிவப்பு வண்டி தூரம் போகவில்லை. வேகம் பிடித்தது, பிறகு கான்டெஸா வந்து சேரட்டும் என்று வேகத்தைக் குறைத்து முன்னால் ஓடியது. இரண்டு வண்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கியது. ஒரு ஆள் படுக்கிற அளவு. ஒரு கை அளவு. பிறகு தகரம் தகரத்தில் இடிக்கிற சத்தம் வந்தது. ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு இரண்டும் கால்வாயைப் பார்த்துப் போயின. தம்பி வண்டியின் பிரேக் விளக்கு எரிந்தது. ரப்பர் தேய்கிற புகை கிளம்பியது. புகைக்குள் இரண்டு வண்டியும் மறைந்தன.

தண்ணீரில் எதுவும் விழுகிற சத்தம் கேட்கவில்லை. அல்லது அவள் காது அடைத்துவிட்டதோ, தெரியவில்லை. சரிவில் கையை ஊன்றி ஏறினாள், ஓடினாள். செருப்பு பாத்தியிலேயே போயிற்று. தார் கொதித்தது. வழி முழுக்க "நிலா, நிலா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். புருசன் பெயர்கூட வாயில் வரவில்லை.

ரோடு முடிந்து, மண் சரிவு தொடங்குகிற இடத்தில், சிவப்பு வண்டி முன்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கி நின்றது. அதன் பின்பக்கம் நசுங்கி மடங்கியிருந்தது. அந்த மடங்கலுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு கான்டெஸா நின்றது. தமிழ்நிலா கீழே இறங்கி நின்றாள். நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கம், வேறு ஒன்றுமில்லை. அம்சவல்லி அவளை இழுத்துத் தலை, கை, கால், முதுகு எல்லாம் தடவிப் பார்த்தாள். பெண்ணுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

திருமுருகன் தன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தான். ஜெர்மன்காரன் வண்டியின் பின்பக்கத்தை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆதிமூலம் ஒருவர்தான் அங்கே கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நின்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன்டி இப்படி ஓடியார? எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு உனக்குத் தெரியாது? மிதிச்சன் பாரு, பெடலு வழுக்குனு உள்ள போயிடுச்சு. ஹேண்ட் பிரேக்க இழுத்தா கையோட வந்துருச்சு. அப்பகூட எனக்குப் பயமில்ல வல்லி, சத்தியமா சொல்றேன். காலுக்குக் கீழ உன் உப்பு இருக்குது, எவன் என்ன பண்ணுவான்னு தைரியமாத்தான் இருந்தேன். அதுதான் இவன் ரூபத்துல வந்து நிறுத்துச்சு." மச்சானின் முதுகில் தட்டினார். "டேய், ரெண்டு வண்டியும் ஒரே எடத்துலதான் நின்னுருக்குது, நீ ஜெயிச்சேன்னு வீடியோ போடாத. வல்லி, வீட்டுக்குப் போனதும் மொத வேலையா இவன் வண்டில ஒண்ணு கட்டி வெய்யி. நிலா ஸ்கூட்டிலயும் வெச்சிடு. இத்தன நாளு அதுல வெக்காம உட்டது தப்பு."

திருமுருகன் வாயைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அவள் சொல்லாவிட்டால் அவனும் சொல்ல மாட்டான் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஊர் முழுக்க அவள் கை ராசியைப் பேசும். புருசன் சாகிற வரைக்கும் அவளைத் தெய்வமாகப் பார்ப்பார். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பயந்தவளுக்கு அதைவிட வசதி வேறென்ன? ஆனால் நிலா ஸ்கூட்டியிலும் என்று அவர் சொல்லிவிட்டார்.

"வேணாங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னாள். "வேணாங்க. எதுலயும் வெக்க வேணாம். பிரேக்கத் தின்னதே அதுதான். நான் வெச்ச உப்புதான்."

"என்னடி ஒளர்ற?"

"குனிஞ்சி பாருங்க."

ஆதிமூலம் சிரித்துக்கொண்டேதான் குனிந்தார். பிறகு மண்டியிட்டார். பிறகு தரையில் கன்னம் படுகிற மாதிரி படுத்துத் தலையை வண்டிக்கு அடியில் விட்டார். கையை உள்ளே நீட்டுவது தெரிந்தது. விரல் பட்ட இடத்தில் தகரம் ஓலை நொறுங்குவதுபோல் நொறுங்கி விழும் சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்து ஈர உப்பு பொலபொலவென்று கொட்டியது. வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை.

வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை, மீசையெல்லாம் துரு. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்படியே உட்கார்ந்து முன்னால் இருந்த கால்வாயைப் பார்த்தார். பிறகு தான் ஓட்டி வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அந்த ரோட்டைப் புதிதாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"அப்போ ஒண்ணுமே இல்லாமத்தான் வந்தனா?" என்றார். "பக்கத்துல புள்ளைய வெச்சிக்கினு?"

ஆதிமூலம் உட்கார்ந்த இடத்திலிருந்தே நகர்ந்து போய் மகளின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தலைக்கு நேராகச் சித்திரை வெயில் கொளுத்தியது. அவருக்குப் பல் தந்தியடித்தது.

"எங்கியும் போவாத கண்ணு" என்றார். "இங்கியே நில்லு."